25-க்குக் கீழே இருந்தால் இயல்பா? பேட்டரிக் கடையிலிருந்து ஓர் இரத்தப் பரிசோதனைச் சேவையின் மதிப்புரை

இரத்தத்தில் கலந்துள்ள காரீயத்தின் அளவைக் கண்டறியும் பரிசோதனையை, இருக்கும் இடத்துக்கே வந்து மாதிரி எடுக்கும் வசதியுடன் வழங்கும் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் சேவையை, சேலத்தில் உள்ள எங்கள் கடையைச் சேர்ந்த ஐந்து பேருக்காக மூன்று முறை பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒருவருக்கு 1,600 ரூபாய் வாங்கினார்கள். அளக்கும் கருவியைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. மாதிரி எடுத்த விதத்திலும், அறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்த 'இயல்பு' என்ற ஒரு சொல்லிலும்தான் குறை இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பியிருந்தால் எங்கள் கடையில் எதுவுமே மாறியிருக்காது என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதப் போகிறேன்.

எங்களுடையது அப்பா தொடங்கிய கடை. லாரி, டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரிகளைப் பிரித்து, கெட்டுப்போன பிளேட்டுகளை எடுத்துவிட்டுப் புதிய பிளேட்டுகளை அடுக்கி, அவற்றின் காதுகளைக் கேஸ் டார்ச்சால் உருக்கி ஒன்றாக இணைப்பதுதான் வேலை. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். டார்ச்சின் தழலோ அதைவிடப் பல மடங்கு சூடானது. அந்தச் சூட்டில் எழும் புகையும், பிரித்துப் போட்ட பிளேட்டுகளிலிருந்து உதிரும் பழுப்புத் தூளும்தான் உடலுக்குள் போகின்றன. நான் முன்பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவள். பின்பக்கம் அப்பாவும் மூன்று தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவருக்கு 56 வயது. அவரைக் கடையில் எல்லோரும் பெரியவர் என்றே அழைப்போம், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பரிசோதனைக்கு வித்திட்டதும் அவர்தான். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு உடல் சோர்வு, அவ்வப்போது வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, தீராத மலச்சிக்கல். ஒரு மருத்துவமனையில் இரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். "எனக்கு ரத்தம் கம்மிதான் பாப்பா, மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்" என்பார். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்ன மருத்துவர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு கேள்வி விடுபட்டுப் போனதால், பெரியவர் இரண்டு ஆண்டுகள் தவறான திசையில் மாத்திரை விழுங்கினார் என்பதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறவில்லை.

பதிவு செய்வதற்காகத் தொலைபேசியில் பேசியபோதே ஒரு குழப்பம் வந்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் காரீயத்தை வெறுமனே ஈயம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்ல, மறுமுனையில் இருந்த பெண் "ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறீர்களா?" என்று கேட்டார். ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். ஆனாலும் அவர் கேட்டது பொருத்தமற்ற கேள்வி அல்ல. விலை குறைந்த சொம்புகளில் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்துவிடும் வழக்கம் உண்டு என்பதால், வீட்டிலிருந்து வரும் காரீயத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். பஸ்பம், செந்தூரம் போன்ற மருந்துகள் எதுவும் சாப்பிடுகிறோமா என்றும் அவரே கேட்டுக் குறித்துக்கொண்டார். இவ்வளவு கேட்டறிந்து பதிவு செய்யும் ஊழியரை நான் வேறு எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் கண்டதில்லை. அந்தப் பெண்ணுக்கு என் நன்றி.

மாதிரி எடுக்க வந்த நாளில்தான் சிக்கல் தொடங்கியது. வந்த இளைஞர் கடையின் பின்பக்கத்திலேயே, வேலை மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்து, முழங்கையின் உட்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஊசியைச் செருகினார். அப்போது மதியம் இரண்டு மணி. காலையிலிருந்து பிளேட்டுகளைக் கையாண்ட கைகள் அவை. தோலில் ஒட்டியிருக்கும் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு மாதிரியில் சேர்ந்தாலும் எண் கூடிவிடும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, துடைத்து, அதன் பிறகே ஊசி போட வேண்டும் என்பதும், வேலைத்தளத்துக்கு வெளியே சுத்தமான இடத்தில் எடுக்க வேண்டும் என்பதும் இந்தப் பரிசோதனையின் அரிச்சுவடி. கொண்டுவந்த குழாய்களோ சாதாரண இரத்த அணு எண்ணிக்கைக்குப் பயன்படும் இளம் ஊதா மூடிக் குழாய்கள். அவற்றைப் பல கூடங்கள் ஏற்றுக்கொள்கின்றன என்றாலும், நுண்ணளவு உலோகங்களுக்கென்றே தூய்மையாகத் தயாரிக்கப்படும் கருநீல மூடிக் குழாய்தான் இதற்கு உரியது. எடுத்த குழாயை எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, உறையாமல் தடுக்கும் மருந்தோடு கலக்கவும் அவர் மெனக்கெடவில்லை. இரண்டு மாதிரிகள் உறைந்துபோய்விட்டதாக நான்காம் நாள் தகவல் வந்தது.

உறைந்தால் ஏன் பயனில்லை என்பதைப் புரிந்துகொண்டால் காரீயம் இரத்தத்தில் என்ன செய்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும். இரத்தத்தில் சேரும் காரீயத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிவப்பணுக்களுக்குள்ளேயே போய்த் தங்கிவிடுகிறது, நீர்ப்பகுதியில் மிதப்பது மிகச் சொற்பம். எனவே முழு இரத்தத்தையும் சீராகக் கலந்த நிலையில் அளந்தால்தான் எண் உண்மையானதாக இருக்கும். அணுக்கள் கட்டியாகித் தேங்கிய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து அளந்தால், அந்தத் துளியில் எத்தனை அணுக்கள் அகப்பட்டன என்பதைப் பொறுத்து எண்ணும் கூடும், குறையும்.

உறையாத மூன்று மாதிரிகளில், தம்பி என்று நாங்கள் அழைக்கும் எங்கள் கடையின் இளைய தொழிலாளிக்கு 31.5 என்று வந்தது. டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பது கணக்கு. ஐவருக்கும் மறுபடியும் எடுக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, மறு கட்டணம் இல்லாமல் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். இது அவர்களுடைய நேர்மை. இம்முறை வேலைக்குப் போகுமுன், காலையில் குளித்துவிட்டு, அவர்களுடைய மையத்துக்கே போனோம். ஒன்பது நாள்கள் கழித்து எடுத்த அந்த மாதிரியில் தம்பியின் எண் 23.9. இரத்தத்தில் உள்ள காரீயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 35 நாள்கள் ஆகும். வேலையை அடியோடு நிறுத்தியிருந்தால்கூட ஒன்பது நாள்களில் ஆறில் ஒரு பங்கு குறைவதே பெரிது, அவரோ நாள்தோறும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அப்படியானால் முதல் எண்ணில் ஒரு பகுதி அவருடைய தோலில் இருந்த தூள் என்றே நான் முடிவு செய்தேன். ஆகவே கடைக்கே வந்து மாதிரி எடுக்கும் வசதியை, காரீயத்தைக் கையாளும் எந்தக் கடைக்காரரும் வாங்க வேண்டாம்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். பெரியவருக்கு 54.2, இரண்டாவது தொழிலாளிக்கு 33.5, அப்பாவுக்கு 28.7, தம்பிக்கு 23.9, பின்பக்கம் கால் வைக்காத எனக்கே 6.3. அவர்கள் பயன்படுத்தும் ஐசிபி-எம்எஸ் என்ற முறை, விரல் நுனியில் குத்தி மூன்று நிமிடங்களில் எண் சொல்லும் கையடக்கக் கருவிகளைவிட நுட்பமானது என்பதால் இந்த எண்களை நான் நம்புகிறேன். ஆனால் தம்பியின் எண்ணுக்கு எதிரே, '25-க்குக் கீழ்: இயல்பு' என்று அச்சிட்டிருந்தது. அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் காட்டினார். அந்த மகிழ்ச்சியைக் கலைப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

மனித உடலுக்குக் காரீயத்தால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 5-ஐ எட்டினாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி அதைக் குறைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இருபதுக்கு மேற்பட்ட ஓர் எண்ணை இயல்பு என்று அச்சிடுவது, பழைய காலத்துத் தொழிற்சாலை வரம்பை அப்படியே நகலெடுத்து வைத்திருப்பதன் விளைவு. அமெரிக்காவில் 1978-இல் வந்த காரீய விதிகள், சராசரி 50-ஐத் தொட்டால் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்றன. கலிஃபோர்னியா மாநிலம் 2025-இல் நடைமுறைக்கு வந்த தனது புதிய விதியில் அதை 30-ஆகக் குறைத்தது. உலகம் வரம்பைக் கீழே இறக்கிக்கொண்டே வரும்போது, எங்கள் அறிக்கையின் அச்சு மட்டும் அசையாமல் நிற்கிறது. இயல்பு என்ற சொல்லை நீக்கிவிட்டு, 'வேலைத்தளத்தில் காரீயம் இருக்கிறது, இடத்தைச் சரிசெய்து மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்கவும்' என்று ஒரு வரி அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்?

தம்பியின் எண்ணில் இரத்தம் எந்த அறிகுறியும் காட்டாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. நம் உடல் ஹீம் என்ற பொருளை எட்டுப் படிகளில் செய்கிறது, அதன் நடுவில் இரும்பு உட்கார்ந்தால்தான் சிவப்பணு உயிர்க்காற்றைச் சுமக்க முடியும். இரண்டாவது படியில் வேலை செய்யும் நொதிக்குத் துத்தநாகம் தேவை. காரீயம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இந்த முடக்கம் எண் 10-ஐ எட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசிப் படியில் இரும்பைப் பொருத்தும் நொதியையும் அது தடுக்கிறது. இரும்பு வர வேண்டிய இடத்தில் துத்தநாகம் உட்கார, துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் சிவப்பணுவில் சேர்ந்துகொண்டே போகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்கள் என்பதால், கடந்த மூன்று நான்கு மாதங்களில் எலும்பு மஜ்ஜை பட்ட பாட்டை அந்தப் பொருளின் அளவு சொல்லிவிடும். போதாக்குறைக்குச் சிவப்பணுக்களின் ஆயுளையும் காரீயம் குறைக்கிறது. உற்பத்தியும் குறைந்து, ஆயுளும் குறைந்தால் இரத்தசோகை வராமல் என்ன செய்யும்?

இந்தப் புரோட்டோபார்ஃபிரின் பரிசோதனை அவர்களுடைய தொகுப்பில் இல்லை, தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டி, எட்டு நாள்கள் காத்திருந்து வாங்கினேன். பெரியவருக்கு அது மேல்வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைவிலும் இது கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் இரத்தக் காரீயம், இரத்த அணு எண்ணிக்கை, கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சு, இது ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். தொழிலாளர்களுக்கென்று தொகுப்பு விற்கும் ஒரு கூடம் இந்த நான்கையும் சேர்த்துத் தராமல், காரீயத்தோடு கொழுப்பு, தைராய்டு என்று சேர்த்து விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியும் அங்கேதான் நடந்தது. பெரியவரின் இரத்தப் பூச்சைப் பார்த்த அவர்களுடைய நோய்க்குறியியல் மருத்துவர், நான் அறிக்கை வாங்கப் போனபோது உள்ளே அழைத்து, "இங்கே வந்து பாருங்கம்மா" என்று நுண்ணோக்கியைக் காட்டினார். வெளிறிய இளஞ்சிவப்பு வட்டுகள் நிறையக் கிடந்தன. அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வட்டுகளில் மட்டும், ரவையை மிக மெல்லியதாகத் தூவியதுபோல நீலப் புள்ளிகள். முதிரும் சிவப்பணு, தன்னுள் மிஞ்சிய ஆர்என்ஏ-வைச் சிதைத்து வெளியேற்ற ஒரு நொதியைப் பயன்படுத்துகிறதாம். காரீயம் அதையும் முடக்கிவிடுவதால் சிதையாத எச்சம் இப்படிப் புள்ளிகளாகத் தங்கிவிடுகிறது என்று விளக்கினார். எல்லோருடைய இரத்தத்திலும் இது தென்படாது, தென்படவில்லை என்பதால் காரீயம் இல்லை என்றும் ஆகாது என்று எச்சரிக்கவும் செய்தார். இருபது ஆண்டு உழைப்பு அந்தக் கண்ணாடித் துண்டில் புள்ளிகளாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

மறுநாள் கடையில் டீ வந்தபோது எல்லோருடைய கண்ணாடி டம்ளர்களையும் நான் உற்றுப் பார்த்தேன். பெரியவர் குடித்து வைத்த டம்ளரின் விளிம்பில், கட்டைவிரல் பட்ட இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. பாசிட்டிவ் பிளேட்டிலிருந்து உதிரும் காரீய ஆக்சைடின் நிறம் அது. அதே விரல்களால்தான் பீடியும் பிடிப்பார். மூக்குக்குக் குறுக்கே கட்டும் கைக்குட்டை புகையைத் தடுக்காது, பாலும் வெல்லமும் உள்ளே போன காரீயத்தை அடித்துக்கொண்டு போய்விடாது. அப்பா இத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் வாங்கிக் கொடுத்த பாலை நான் குறைத்துச் சொல்லவில்லை. வயிறு காலியாக இருந்தாலும், சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்திருந்தாலும் காரீயம் கூடுதலாக உறிஞ்சப்படும் என்பதால் நல்ல உணவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது காற்றை வெளியேற்றும் விசிறியின் வேலையைச் செய்யாது.

சேவையின் மிக மோசமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை வந்த மூன்றாம் நாள், அவர்களுடைய விற்பனைப் பிரிவிலிருந்து அழைத்து, உடலிலிருந்து காரீயத்தை நீக்கும் 'டீடாக்ஸ்' தொகுப்பு என்று ஒருவருக்கு 4,500 ரூபாய்க்குப் பேசினார்கள். காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு. அவற்றை அளவும் அறிகுறியும் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். அதே புகையில் தொடர்ந்து நிற்கும் ஒருவருக்கு முன்னெச்சரிக்கையாக அவற்றைக் கொடுப்பதை அமெரிக்க விதிகள் தடைசெய்தே வைத்திருக்கின்றன. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதைப் போன்றது அது. இப்படியோர் அழைப்பு, அந்த மருத்துவர் நுண்ணோக்கியின் முன் காட்டிய அக்கறைக்கே இழுக்கு.

நாங்கள் வேறு வழியில் போனோம். பிளேட்டுகளை உடைப்பதையும் கசடு காய்ச்சுவதையும் நிறுத்திவிட்டு, கெட்ட பேட்டரிகளை முழுதாகவே அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கிறோம். பேட்டரிக் கழிவு மேலாண்மைக்கான 2022-ஆம் ஆண்டு விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. டார்ச் வேலைக்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டு வைத்தோம். துடைப்பத்தால் கூட்டுவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கிறோம். நகத்துக்குப் பிரஷ், சோப்பு, தனி உடை, சாப்பாட்டுக்கு முன்பக்கத்தில் தனி இடம். தம்பியின் இரண்டு வயது மகளுக்கும் பரிசோதனை செய்ததில் 8.4 என்று வந்தது, அவருடைய வேலைச் சட்டையைக் குழந்தையின் துணிகளோடு ஒரே வாளியில் ஊறவைத்துத் துவைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து யாருடைய வேலைச் சட்டையும் கடையை விட்டு வெளியே போவதில்லை.

பெரியவரை அப்பா டார்ச்சிலிருந்து விலக்கி, முன்பக்கத்தில் வாடிக்கையாளரைப் பார்க்கும் வேலைக்கு அதே கூலியில் மாற்றினார். கூலி குறையும் என்றால் எந்தத் தொழிலாளியும் இரத்தம் கொடுக்க முன்வர மாட்டார். அமெரிக்க விதியில்கூட, இப்படி விலக்கப்படுபவருக்கு 18 மாதங்கள்வரை ஊதியம் குறையக் கூடாது என்று இருப்பதன் நியாயம் அதுதான். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் காரீய நஞ்சேற்றத்தை முதலாவதாகவே வைத்தது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேர் என்று அது வகுத்த எல்லைக்குள் எங்களைப் போன்ற நான்கைந்து பேர் கடைகள் வந்ததில்லை. அதனால்தான் கையைவிட்டுப் பணம் கட்டி வாங்கும் இந்தச் சேவை சரியாக இருக்க வேண்டியது எங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

பன்னிரண்டு வாரங்கள் கழித்து, மார்கழியில் மறுபரிசோதனை செய்தோம். மையத்தில் சோப்பும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். கருநீல மூடிக் குழாய்கள் வந்திருந்தன. மாதிரி எடுத்தவர் குழாயை எண்ணி எண்ணித் திருப்பினார். நான் எழுதிக் கொடுத்த புகாரை யாரோ படித்திருக்கிறார்கள். பெரியவருக்கு 43.1, இரண்டாவது தொழிலாளிக்கு 26.4, அப்பாவுக்கு 22, தம்பிக்கு 15.8, எனக்கு 4.9. டார்ச்சை விட்டு விலகியும் பெரியவரின் எண் இன்னும் உயர்ந்தே இருப்பதற்குக் காரணம் உண்டு. உடலில் சேர்ந்த காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் போய் உறைந்துகொள்கிறது, புகையை விட்டு விலகிய பிறகும் பல ஆண்டுகளுக்கு அது இரத்தத்தில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அவருடைய ஹீமோகுளோபின் 10.4-லிருந்து 11.6-க்கு ஏறியிருக்கிறது. வயிற்றுவலி விட்டுவிட்டது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அளவீட்டுக்கும், தவறைத் திருத்திக்கொண்டதற்கும், அந்த மருத்துவருக்கும் அந்த மூன்று. '25-க்குக் கீழ்: இயல்பு' என்ற வரி மார்கழி அறிக்கையிலும் அப்படியே இருந்ததால் நான்காவதைக் கொடுக்க மனம் வரவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பங்குனியில் அடுத்த முறை போகும்போது ஐந்து பேருக்கும், தம்பியின் மகளுக்கும் சேர்த்து ஆறு கருநீலக் குழாய்களை எடுத்துவைக்கும்படி பதிவு செய்துவிட்டேன்.